கம்பைல் பண்ண ஒன்றரை லட்சத்துல கம்ப்யூட்டரா? வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் அளந்து பாருங்க



வொர்க் ஃப்ரம் ஹோம் கிடைச்சதும் சென்னையிலயும் பெங்களூர்லயும் ரூம் வாடகை கட்டிட்டு இருந்த நிறைய பேர் சொந்த ஊருக்குத் திரும்பிட்டாங்க. கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு மாடி அறை, இல்லன்னா சிதம்பரம் மேல வீதி பக்கம் அப்பா அம்மாவோட வீடு. வாடகையும் மெஸ் செலவும் மிச்சம். சந்தோஷம்தான். ஆனா சாஃப்ட்வேர் வேலையில இருக்கிறவங்களுக்கு ஒரு புது ஆசை வந்து உட்கார்ந்துடுது: "இந்த லேப்டாப்ல பில்டு ஓட மூணு மணி நேரம் ஆகுது. ஒன்றரை லட்சம் போட்டு நல்ல டெஸ்க்டாப் ஒண்ணு அசெம்பிள் பண்ணிடலாமா?"

ஒன்றரை லட்சம்ங்கிறது வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம் ஆன ஒருத்தருக்கு ரெண்டு, மூணு மாசச் சம்பளம். பைக் வாங்கும்போது மைலேஜ் கேக்குறோம். இதுக்கும் கேக்கணும்ல? இந்தப் பதிவுல அந்தக் கணக்கைத்தான் போடப் போறோம். டெக்னிக்கல் விஷயமும் வரும், ஆனா நம்ம பார்வை பணப் பார்வை.

முதல் கேள்வி: இது யாரோட செலவு?

பிராசசர் பேரைத் தேடுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. பில்டு பண்றது கம்பெனி கோடா, உங்க சொந்த புராஜெக்டா?

கம்பெனி கோடுன்னா, அதை உங்க சொந்த மெஷின்ல வைக்க அனுமதியே இல்லாம இருக்கலாம். நிறைய கம்பெனிகளோட பாதுகாப்பு விதி அப்படித்தான். ஒன்றரை லட்சம் போட்டு வாங்கின பிறகு, "இதுல எங்க கோடு இருக்கக் கூடாது"ன்னு ஒரு மெயில் வந்தா என்ன பண்ணுவீங்க? முதல்ல மேனேஜர்கிட்டயும் ஐடி டீம்கிட்டயும் எழுத்துல கேட்டு வாங்குங்க.

அப்படியே இன்னொண்ணும் கேளுங்க: "கம்பெனியே வாங்கித் தருமா?" இதுல ஒரு வரிச் சலுகை ஒளிஞ்சிருக்கு. கம்பெனி தன் பேர்ல வாங்கி உங்க பயன்பாட்டுக்குக் கொடுக்கிற லேப்டாப், கம்ப்யூட்டருக்குச் சலுகை மதிப்பு பூஜ்யம். அதாவது, அது உங்க சம்பளத்தோட சேர்ந்து வரிக்கு வராது. பின்னாடி அந்த மெஷினை உங்களுக்கே வித்தாலும், முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 50 சதவீதம் தேய்மானம் கழிச்சுதான் மதிப்பு போடணும்ங்கிறது பல வருஷமா இருக்கிற விதி. 1,50,000 ரூபாய் மெஷின் ஒரு வருஷத்துல 75,000, ரெண்டு வருஷத்துல 37,500. அந்த விலைக்கு உங்களுக்குக் கொடுத்தா கூடுதல் வரி இல்லை. புது வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறதால, இப்போதைய விதி எப்படின்னு ஹெச்ஆர்கிட்ட ஒரு வார்த்தை உறுதி பண்ணிக்கோங்க.

இதுவே நீங்க சம்பளப் பணத்துல வாங்கினா, 18 சதவீதம் ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க வழியில்லை. தேய்மானமும் கழிக்க முடியாது. முழுச் செலவும் வரி கட்டின பிறகு கையில நிக்கிற பணத்துல இருந்துதான் போகும்.

இரண்டாவது: நேரம் எங்க போகுதுன்னு அளங்க

டாக்டர் டெஸ்ட் எடுக்காம மருந்து எழுதினா ஒத்துக்க மாட்டோம். ஆனா மெஷின் மட்டும் அப்படித்தான் வாங்குறோம். ஒரு வேலை நாள் முழுக்க ஒரு நோட்டுல இந்த மூணையும் எழுதுங்க:

1. முதல்ல இருந்து முழு பில்டு எத்தனை தடவை ஓடுச்சு? ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம்?
2. ஒரு ஃபைலை மட்டும் மாத்திட்டு ஓட்டின சின்ன பில்டு எத்தனை? ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம்?
3. பில்டு ஓடும்போது ஹெச்டாப் திறந்து பாருங்க. எல்லா கோரும் நிரம்பியிருக்கா? ரேம் நிரம்பி ஸ்வாப் ஏறுதா? இல்ல, ஒரே ஒரு கோர் மட்டும் ஓடி மத்ததெல்லாம் சும்மா நிக்குதா?

இந்த மூணாவது பதில்தான் உங்க பணத்தைக் காப்பாத்தப் போகுது. எல்லா கோரும் நிரம்பினா கோர் பத்தலை. ஸ்வாப் ஏறினா ரேம் பத்தலை. ஒரே கோர் ஓடினா, எத்தனை கோர் வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை.

ஏன்னா பில்டுல ரெண்டு விதமான வேலை இருக்கு. ஆயிரக்கணக்கான ஃபைல்களைத் தனித்தனியா கம்பைல் பண்றது முதல் விதம். இது பத்து பேர் சேர்ந்து வெங்காயம் உரிக்கிற மாதிரி, ஆள் கூடினா சீக்கிரம் முடியும். கடைசியில எல்லாத்தையும் ஒண்ணா இணைக்கிற லிங்க் வேலை இரண்டாவது விதம். இது சாம்பார் கொதிக்கிற மாதிரி, பத்து பேர் சுத்தி நின்னாலும் அதோட நேரம் அதுக்கு. ஜீன் ஆம்டால் 1967-ல சொன்ன கணக்கு இதுதான்: பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுக்குக் கீழே மொத்த நேரம் போகாது.

உதாரணமா, 8 கோர்ல ஒரு பில்டு 60 நிமிஷம் ஆகுது, அதுல 10 நிமிஷம் பிரிக்க முடியாத வேலைன்னு வைங்க. 16 கோர் போட்டா 30 நிமிஷம் ஆகாது. 50 நிமிஷப் பகுதி 25 ஆகும், அந்த 10 அப்படியே நிக்கும், மொத்தம் 35. கோர் ரெண்டு மடங்கு, வேகம் ரெண்டு மடங்குக்குக் கம்மி.

மூணாவது: பைசா செலவில்லாத வைத்தியம்

கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதையெல்லாம் முயற்சி பண்ணுங்க:

- சிகேஷ்: ஒரு தடவை கம்பைல் ஆன ஃபைல் மாறலைன்னா, பழைய முடிவையே எடுத்துக் கொடுக்கும். சாம்பாவை எழுதின ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கின இலவச மென்பொருள். கிளை மாத்தி மாத்தி வேலை செய்றவங்களுக்கு நல்ல பலன் தரும்.
- லிங்கரை மாத்துறது: பழைய லிங்கருக்குப் பதிலா எல்எல்டி, மோல்டு மாதிரி வேகமான லிங்கர். ரெண்டும் இலவசம்.
- ஒரே நேரத்துல ஓடுற வேலைகளைக் குறைக்கிறது: 16 ஜிபி ரேம்ல 16 வேலை ஓட்டினா ரேம் நிரம்பி ஸ்வாப்புக்குப் போய் எல்லாமே நொண்டும். அதையே 8 ஆக்கிப் பாருங்க, சில நேரம் சீக்கிரமாவே முடியும்.

சின்ன பில்டு கணக்கையும் பாருங்க. ஒரு ஃபைல் மாத்தினா கம்பைல் 20 செகண்டு, லிங்க் 70 செகண்டுன்னு வைங்க. ஒரு நாளைக்கு 30 தடவைன்னா மொத்தம் 45 நிமிஷம். லிங்கரை மாத்தினதுல 70 செகண்டு 20 ஆச்சுன்னா, அந்த 45 நிமிஷம் 20 ஆயிடும். தினமும் 25 நிமிஷம் மிச்சம், செலவு பூஜ்யம். இதே இடத்துல 16 கோர் வாங்கியிருந்தா? ஒத்தை ஃபைலைக் கம்பைல் பண்ண ஒரு கோர்தான் வேணும். பெருசா எதுவும் மாறியிருக்காது.

இதெல்லாம் பண்ணியும் பத்தலைன்னா, அப்ப வாங்கலாம். அதுல தப்பே இல்லை.

நாலாவது: பணத்தை எந்த வரிசையில போடுறது?

ஒரு நிஜக் கணக்கு. ஆண்ட்ராய்டோட முழு சோர்ஸ் கோடை பில்டு பண்ண என்ன வேணும்னு கூகுள் தன் ஆவணத்துலயே போட்டிருக்கு. குறைஞ்சது 64 ஜிபி ரேம். 400 ஜிபி காலி இடம். அதுல 250 ஜிபி கோடை இறக்க, 150 ஜிபி பில்டு பண்ண. 72 கோர் மெஷின்ல முழு பில்டு சுமார் 40 நிமிஷம், 6 கோர் மெஷின்ல சுமார் 6 மணி நேரம்.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. கோர் 12 மடங்கு கூடினாலும் வேகம் 9 மடங்குதான் கூடுது. அடுத்தது, ரெண்டு மெஷின்லயும் ரேம் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதாவது, கோர் கம்மின்னா வேலை மெதுவா நடக்கும். ரேம் கம்மின்னா வேலை பாதியில நின்னே போகலாம். அதனால வரிசை இப்படி:

1. ரேம். பெரிய சி++ புராஜெக்ட்ல ஒரே நேரத்துல ஓடுற ஒவ்வொரு வேலைக்கும் 2 ஜிபி ஒதுக்குறது பாதுகாப்பான கணக்கு. 16 த்ரெட் பிராசசர்னா 32 ஜிபி, அதுக்கு மேல பிரவுசர், எடிட்டர், எமுலேட்டர். ஆக 64 ஜிபி சௌகரியம். நாலு 16 ஜிபி குச்சியா வாங்காதீங்க, ரெண்டு 32 ஜிபியா வாங்குங்க. டிடிஆர்5 போர்டுகள்ல நாலு இடத்தையும் நிரப்பினா வேகம் இறங்கும். இன்னொரு விஷயம், 2025 கடைசியில ஏஐ சர்வர் தேவையால ரேம் விலை எகிறிடுச்சு. அந்த டிசம்பர்ல மைக்ரான், க்ரூஷியல் பிராண்டோட சில்லறை விற்பனையை விட்டு வெளியேறுறதா அறிவிச்சது. பழைய யூடியூப் வீடியோவுல பார்த்த பட்ஜெட்டை நம்பாதீங்க, இன்னிக்கு விலையைக் கேட்டு மொத்தக் கணக்கைப் போடுங்க.

2. எஸ்எஸ்டி. ஹார்டு டிஸ்க்ல இருந்து என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு மாறினா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். ஆனா நாலாம் தலைமுறையில இருந்து அஞ்சாம் தலைமுறைக்கு மாறினா கம்பைல்ல அவ்வளவு தெரியாது, ஏன்னா அடிக்கடி படிக்கிற ஃபைல் ரேம்லயே இருக்கும். "எஸ்எஸ்டி சீக்கிரம் தேஞ்சிடுமே"ன்னு பயப்படுறவங்களுக்கு ஒரு கணக்கு: சாம்சங் 990 ப்ரோ 1 டிபிக்கு எழுதும் அளவு உத்தரவாதம் 600 டிபி. ஒரு பில்டுக்கு 150 ஜிபி எழுதினாலும் 4,000 முழு பில்டு. தினம் ஒண்ணுன்னா கிட்டத்தட்ட 11 வருஷம்.

3. பிராசசர். அளந்து பார்த்ததுல எல்லா கோரும் நிரம்பி நின்னா மட்டும் இங்க காசை ஏத்துங்க. முதல்லயே 16 கோர் வாங்கணும்னு கட்டாயம் இல்லை. ஏஎம்5 சாக்கெட்டை 2027-க்கு அப்புறமும் தொடருவோம்னு ஏஎம்டி சொல்லியிருக்கு. இன்னிக்கு 8 கோர் ரைசன் 7 போட்டுட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு அதே போர்டுல 16 கோர் மாத்தலாம். பழையதை வித்துக் கொஞ்சம் தேத்திக்கலாம்.

4. கிராபிக்ஸ் கார்டு. கம்பைலுக்கு இதோட பங்கு பூஜ்யம். பிராசசர்லயே டிஸ்ப்ளே வர்ற மாடலா வாங்குங்க, பேர் கடைசியில "எஃப்" இருந்தா அதுல டிஸ்ப்ளே கிடையாது. கேம் ஆட வேணும்னா தாராளமா வாங்குங்க. ஆனா அதை "வேலைக்குத்தான்"னு பட்ஜெட்ல எழுதாதீங்க.

அஞ்சாவது: நம்ம ஊரு வெயிலும் கரண்டும்

பெங்களூர்ல இருக்கிற யூடியூபர் சொல்ற மெஷின் கடலூர்ல அப்படியே பொருந்தாது.

கத்திரி வெயில்ல ஏசி இல்லாத மாடி அறையில 170 வாட் பிராசசர் ஓட்டினா, அந்த வெப்பம் முழுக்க உங்க அறையிலதான் சேரும். 65 வாட்ல 12 கோர் கொடுக்கிற ரைசன் 9 7900 மாதிரி மாடலைப் பாருங்க. பெரிய பிராசசர்னா பயாஸ்ல ஈகோ மோடு போடுங்க. மின்சாரம் நிறைய குறையும், வேகம் கொஞ்சம்தான் குறையும். கடற்காத்து அடிக்கிற பக்கம்னா ஜன்னல் ஓரத்துல வைக்காதீங்க, தூசி வடிகட்டி இருக்கிற கேபினெட்டா எடுங்க.

கரண்ட் பில்: பில்டு நேரத்துல 250 வாட், தினம் 6 மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 90 யூனிட். இது புரியுது. ஆனா சும்மா 60 வாட்ல ராப்பகலா ஆன்லயே விட்டாலும் ரெண்டு மாசத்துக்கு 86 யூனிட் ஆகும்! தமிழ்நாட்டுல வீட்டு மின்கட்டணம் ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினா கீழ் ஸ்லாப் ரேட்டே மாறிடும். உங்க வீடு ஏற்கெனவே 450-ல இருந்தா, இந்த மெஷின் மொத்த பில்லையும் மேல தள்ளிடும். ஸ்லீப் மோடு போட்டுப் பழகுங்க. பில் கட்டுறது அப்பான்னாலும் பணம் பணம்தான்.

பவர் கட்: வீட்டு இன்வெர்ட்டர்ல போடலாம், ஆனா அதுல இருக்கிற ஸ்விட்சை யுபிஎஸ் மோடுக்கு மாத்தணும். இல்லன்னா கரண்ட் போற அந்த நொடியில மெஷின் ரீஸ்டார்ட் ஆகலாம். 150 ஏஹெச் பேட்டரி காகிதத்துல 1,800 வாட்-மணி. மெஷின் 250, ஃபேன் லைட் 150 வாட்னா இழப்பு போக 3 மணி நேரம் நின்னாலே பெருசு. ராத்திரி வீட்டுல எல்லாரும் ஃபேன் இல்லாம முழிச்சிருக்கக் கூடாதுன்னா, பில்டு மெஷினுக்குத் தனியா ஒரு யுபிஎஸ் வாங்குங்க. வேலையைச் சேமிச்சு மெஷினை முறையா அணைக்கப் பத்து நிமிஷம் கிடைச்சா போதும்.

புயல் வேற கதை. 2011 டிசம்பர் 30-ல தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்தப்போ மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் சாய்ஞ்சு, பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கு ஆச்சு. 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணையில வந்த வெள்ளம், எல்லாம் நாம பார்த்ததுதான். சிதம்பரம் பக்கம் கொள்ளிடம், வெள்ளாறு, வீராணம் உபரி நீர்னு அந்த பயம் தனி. இதுக்கு எந்த யுபிஎஸ்ஸும் பதில் இல்லை. மூணு வேலை பண்ணுங்க: கேபினெட்டைத் தரையில வைக்காம மேஜை மேல வைங்க. கோடு வெளியூர் சர்வர்ல தினமும் ஏறட்டும். வீட்டுக்குக் காப்பீடு எடுங்க. 2021 ஏப்ரல்ல இருந்து எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனமும் தர்ற பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில புயல், வெள்ளம் உண்டு. கட்டடத்துக்கு எடுத்தா, அந்தத் தொகையில 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை வீட்டுப் பொருளுக்குத் தானா சேரும். வாடகை வீடுன்னா பொருளுக்கு மட்டும் எடுக்கலாம். ஜிஎஸ்டி பில்லை போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வைங்க, கிளெய்முக்கும் வாரண்டிக்கும் அதுதான் ஆதாரம்.

ஆறாவது: வாங்கணுமா, வாடகைக்கு எடுக்கலாமா?

கிளவுட்ல பெரிய சர்வரை மணிக்கணக்குல எடுக்கலாம். உதாரணத்துக்கு மணிக்கு 60 ரூபாய், 400 ஜிபி டிஸ்க் வெச்சிருக்க மாசம் 3,000 ரூபாய்னு வைங்க. ரேட் மாறும், நீங்க அன்னிக்கு ரேட்டைப் போட்டுப் பாருங்க. தினம் 2 மணி நேரம், மாசம் 22 நாள்னா 44 மணி நேரத்துக்கு 2,640. டிஸ்க்கோட சேர்த்து 5,640. ஒன்றரை லட்சத்தை எட்ட கிட்டத்தட்ட 27 மாசம் ஆகும்.

ஆக, மூணு மாச புராஜெக்டுக்குன்னா சுமார் 17,000 ரூபாய்ல வேலை முடிஞ்சிடும், மெஷின் வாங்கத் தேவையே இல்லை. மூணு, நாலு வருஷம் தினமும் இதே வேலைதான்னா சொந்த மெஷின் லாபம். ரெண்டு எச்சரிக்கை: சர்வரை நிறுத்தினாலும் டிஸ்க் வாடகை ஓடிட்டே இருக்கும். அமேசான்ல ஸ்பாட்னு மலிவா கிடைக்கிற சர்வரை ரெண்டே நிமிஷ அறிவிப்புல திரும்ப எடுத்துக்குவாங்க.

ஏழாவது: காசு எங்க இருந்து?

"நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு போர்டு பார்த்ததும் கையெழுத்துப் போடாதீங்க. வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே சொல்லிடுச்சு. கார்டு இஎம்ஐயில வட்டியைத் தள்ளுபடியா முன்னாடியே கழிச்சுட்டு, மாசா மாசம் வசூல் பண்றாங்க. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்க தலையில. 1,50,000 ரூபாய், 12 மாசம், 15 சதவீத வட்டின்னா உள்ளே இருக்கிற வட்டி சுமார் 11,500, அதுக்கு ஜிஎஸ்டி சுமார் 2,000, அதுக்கு மேல பிராசசிங் கட்டணம். ரொக்கமா வாங்கினா கடைக்காரர் குறைச்சுத் தர்ற தொகையும் போச்சு.

என்னோட பரிந்துரை எளிமையானது. ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதியைத் தொடவே கூடாது. அது இல்லன்னா இந்த மெஷினுக்கு இன்னும் நேரம் வரலைன்னு அர்த்தம், அதுவரைக்கும் இலவச வைத்தியமும் வாடகை சர்வரும். அது இருந்தா, ஊருக்கு வந்ததுல மிச்சமாகுற வாடகைப் பணத்தை அப்படியே ஒரு ஆர்டியில போடுங்க. மாசம் 10,000-னா ஒரு வருஷத்துல 1,20,000, அதோட வட்டி. நடுவுல அளந்து பார்க்கவும் நிதானமா முடிவெடுக்கவும் நேரம் கிடைக்கும்.

வாங்குற இடம்: பாண்டிச்சேரி பக்கம்தான். சென்னை ரிச்சி தெருவும் எழும்பூர்ல ட்ரெயின் இறங்கினா கிட்டதான். விலையோட சேர்த்து, ஒரு பாகம் பழுதானா யார் எடுத்து அனுப்புவாங்க, எத்தனை நாள் ஆகும்னு கேளுங்க. 500 ரூபாய் குறைச்சலுக்காகத் தூரத்துக் கடையில வாங்கி, ஒவ்வொரு தடவையும் கூரியர் செலவு பண்றது லாபம் இல்லை.

சுருக்கமா ஒரு செக்லிஸ்ட்

- கம்பெனி கோடை சொந்த மெஷின்ல வைக்க எழுத்துல அனுமதி இருக்கா?
- கம்பெனியே வாங்கித் தருமான்னு கேட்டாச்சா?
- ஒரு நாள் அளந்தாச்சா? தடை கோரா, ரேமா, லிங்கா?
- சிகேஷ், புது லிங்கர், வேலை எண்ணிக்கை, மூணையும் பார்த்தாச்சா?
- எத்தனை மாசத் தேவை? வாடகைக் கணக்கு போட்டாச்சா?
- அவசர நிதி அப்படியே இருக்கா?
- யுபிஎஸ், காப்பீடு, மின்கட்டணம் பட்ஜெட்ல இருக்கா?

ஏழுக்கும் பதில் இருந்தா தைரியமா வாங்குங்க. நல்ல கருவிக்குச் செலவு பண்றது வீண் செலவு இல்லை. இன்னும் அளக்கலைன்னா, கார்ட்ல சேர்த்து வெச்சதை அப்படியே விட்டுட்டு நாளைக்குக் காலையில ஒரு நோட்டை எடுத்து முதல் பில்டோட நேரத்தை எழுதுங்க.